இராத்திரிச் சிட்டை: ஏற்கெனவே தெரிந்தவரிடம் கணக்கு ஒப்புவிப்பது எப்படி

அன்றன்றைக்கு நடந்துகொண்டதை, எல்லாம் அறிந்த கடவுளுக்கு முன்னால் எழுதிப் பார்க்கிற முறை இது. வேண்டியவை: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று, இராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு பதினைந்து நிமிடம். தேதி அச்சடித்த டைரி வேண்டாம். டைரியைக் கண்டால் கை நல்ல பிள்ளையாகி, நாளைக்கு யாராவது படிப்பார்கள் என்று அழகாக எழுத ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டியது சிட்டை. மண்டியில் சிட்டை என்றால் அடித்தல் திருத்தலோடு, மஞ்சள் கறையோடு, நடந்ததை நடந்தபடி கிறுக்கி வைக்கிற காகிதம். சாயங்காலம் அதைப் பார்த்துத்தான் நாள்வழி எழுதுவோம். நாள்வழி என்பது அன்றன்றைய கணக்கு. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்த பேரேடு, பேரேட்டிலிருந்து வருடக் கடைசியில் மொத்த இருப்பும் கடனும் காட்டும் ஐந்தொகை. சிட்டையில் பொய் புகுந்தால் ஐந்தொகை வரைக்கும் அந்தப் பொய்தான் நடந்து போகும்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 1988 முதல் 2019 வரை, முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதினேன். விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள், சாக்கின் எடைக்காகக் கழிக்கும் சாக்குக் கழிவு, கமிஷன், கூலி, இதுதான் என் படிப்பு. புது நோட்டின் முதல் பக்கத்தில் முதலாளியே பிள்ளையார் சுழி போட்டு என் கையில் கொடுப்பார். நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்பதால் என்னைப் போடச் சொன்னதில்லை. அந்த மரியாதையை நான் மறந்ததில்லை. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரன். இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ரிட்டையர் ஆன பிறகு சபையில் முழு அங்கமாகச் சேர ஆயத்தமாகும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த வகுப்பில் நம்பியூர்க்காரப் பொண்ணு ஒன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "ஏனுங் அங்கிள், கடவுளும் எங்க கம்பெனி சிசிடிவியும் ஒண்ணுதானுங்களா? ரெண்டுமே பாத்துட்டே இருக்குது, மாசக் கடைசீல கூப்புட்டு நிக்க வெச்சுக் கேக்குது" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நாற்பது வயது வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்பு அவளுக்காக எழுத ஆரம்பித்தது.

எழுத உட்காருமுன்: படிக்கப் போகிறவர் யார்?

கணக்கு எழுதுகிறவனுக்கு இதுதான் முதல் கேள்வி. வருமானவரிக்கு எழுதும்போது கை ஒரு மாதிரி ஓடும், பங்காளிக்கு எழுதும்போது வேறு மாதிரி ஓடும். ஆகையால் பேனாவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் இதில் செலவழியுங்கள்.

கேமராவுக்குத் தெரிவது அசைவு மட்டும். நான் பிச்சைக்காரருக்குப் பத்து ரூபாய் கொடுத்தது அதில் பதிவாகும். பக்கத்தில் சபைப் பொருளாளர் நின்றதால்தான் கொடுத்தேன் என்பது பதிவாகாது. "என் உட்காருதலையும் என் எழுந்திருக்குதலையும் நீர் அறிந்திருக்கிறீர்" என்று 139ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம் தொடங்கும்போது கேமரா போலத்தான் இருக்கிறது. அடுத்த அடியே "என் நினைவுகளைத் தூரத்திலிருந்து அறிகிறீர்" என்று உள்ளே போய்விடுகிறது. எந்தக் கம்பெனியிலும் அப்படி ஒரு கேமரா மாட்டியதில்லை.

ஆனால் வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. வேதத்தில் இரண்டு பெண்களைப் பாருங்கள். இரண்டு பேரும் கிணற்றடியில் இருக்கிறார்கள், நம்ம ஊர்க் கதை மாதிரி. ஒருத்தி ஆகார். எசமானியம்மாவின் கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடியவள். நீரூற்றண்டையில் தன்னைத் தேடி வந்து பேசியவருக்கு அவள் வைத்த பெயர் "நீர் என்னைக் காண்கிற தேவன்" (ஆதியாகமம் 16). அவளைப் பார்த்தது திட்டுவதற்கு இல்லை. அதுவரைக்கும் அவளை யாருமே பார்க்கவில்லை; அடிமை என்று மட்டும்தான் பார்த்தார்கள். இன்னொருத்தி சமாரியப் பெண். ஐந்து புருஷர் கதையை இயேசு அவள் முகத்துக்கு நேரே சொன்னார். அவள் செய்தது என்ன? குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, "நான் செய்த எல்லாவற்றையும் ஒரு மனுஷன் எனக்குச் சொன்னார்; அவரை வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டாள் (யோவான் 4). சிசிடிவியில் மாட்டியவர் யாராவது ஊரைக் கூட்டி, வந்து பாருங்கள் என்பாரா?

நியாயாசனத்தில் உட்காருகிறவர் அந்தக் கிணற்றடியில் களைத்துப்போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்ட அதே ஆள் என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம். நியாயந்தீர்க்கும் அதிகாரம் முழுவதையும் பிதா குமாரனிடம் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று யோவான் 5இல் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று வாரா வாரம் சொல்கிறோமே, அந்த "வருவார்" யாரைக் குறிக்கிறது என்று மேலே சில வரி போய்ப் பாருங்கள். சிலுவையில் அறையப்பட்டவரைத்தான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நியாயத்தீர்ப்பு நாளில் பெரிய திரை கட்டி நம் வாழ்க்கையைப் படமாக ஓட்டுவார்கள், அம்மா அப்பா எல்லாரும் பார்ப்பார்கள் என்று கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கிப்பார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டு எனக்குக் காய்ச்சலே வந்தது. வேதத்தில் அப்படி ஒரு திரை எங்கும் இல்லை. வெளிப்படுத்தல் 20இல் இருப்பது புஸ்தகம். அதுவும் இரண்டு வகை: மனிதர் செய்த கிரியைகள் எழுதிய புஸ்தகங்கள், அப்புறம் ஜீவபுஸ்தகம் என்ற வேறொரு புஸ்தகம். முதல் வகை நம் நாள்வழி மாதிரி. இரண்டாவதை நான் ரேஷன் கார்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதில் தொகை கிடையாது, பெயர்தான். இந்த வீட்டு ஆள் என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். நாம் எழுதப்போகும் சிட்டை ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்கான மனு இல்லை. பெயர் சேர்ப்பது நம் கையில் இல்லாத காரியம், அது கிருபை. வீட்டு ஆளாக இருந்துகொண்டு வீட்டுக்காரரிடம் கணக்கை மறைக்காமல் இருப்பதற்குத்தான் சிட்டை.

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்பறம் எதுக்குங் எழுதோணும்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். வட ஆப்பிரிக்காவில் இருந்த அகஸ்டின் (354–430) கடவுளிடமே இதைக் கேட்டுவிட்டார்: நீர் அறியாததையா நான் உமக்குச் சொல்கிறேன் என்று. பதினாறு வயதில் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காயைக் கூட்டாளிகளோடு திருடிப் பன்றிகளுக்குப் போட்டதைப் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். கடவுளுக்குத் தகவல் சொல்ல எழுதியது இல்லை அது. தனக்கே தான் ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்து வைத்தது. நம் வள்ளுவரும் "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்றுதான் சொல்கிறார். பொய்த்த பின் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறார். அந்தச் சூட்டை ஆற்றுவது எப்படி என்பதுதான் இனி வருவது.

எழுதும் முறை

வரவை முதலில் எழுதுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம்முடைய ஆன்மப் பயிற்சிகளில் நாளாந்த ஆத்தும சோதனைக்கு ஐந்து படி வைத்திருக்கிறார். 1548இல் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்த முறை அது. முதல் படி நன்றி. அடுத்தது, பாவத்தை அறிந்துகொள்ள வெளிச்சம் கேட்பது. அப்புறம் எழுந்ததிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்துவதற்குத் தீர்மானிப்பது. ஒரு குறிப்பிட்ட தப்பை விடவேண்டும் என்றால் கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடச் சொல்கிறார். மண்டியில் வேலை பார்த்திருந்தால் நன்றாக வந்திருப்பார். கருமத்தம்பட்டியில் இருக்கும் என் கத்தோலிக்கச் சிநேகிதர் ஒருவர்தான் இதை எனக்குச் சொன்னார். சேசு சபையார் பதினேழாம் நூற்றாண்டிலேயே நடந்து வந்த பூமி அது. எங்கள் சபைக்காரர் சிலர் "அது அவங்க முறை" என்று முகம் சுளித்தார்கள். கணக்கு எழுத நல்ல முறை எந்த மண்டியில் இருந்தாலும் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அடுத்தது முக்கியம்: வினையை எழுதுங்கள், பட்டம் எழுதாதீர்கள். "நான் மகா பாவி" என்று எழுதினால் அது பதிவே ஆகாது. எந்தத் தேதி, யாருக்கு, எவ்வளவு? "மகா பாவி" என்பது ஒரு வகையில் தப்பித்துக்கொள்வது. மொத்தமாகத் தள்ளுபடி கேட்கிற தந்திரம். என் சிட்டை ஒன்றை அப்படியே தருகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை.

வரவு: கருவேப்பிலைக் கன்று துளிர்த்துவிட்டது. பேத்தி போனில் பாட்டு பாடினாள். முழங்கால் வலி இல்லாமல் கடைவீதி போய் வந்தேன்.

பற்று: காலை 7. பால்காரர் மூன்று ரூபாய் சில்லறை கேட்டார். இல்லை என்றேன். சட்டைப் பையில் இருந்தது.

11 மணி. சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்பவர் பற்றி வாட்ஸப்பில் வந்ததை மூன்று பேருக்கு அனுப்பினேன். உண்மையா என்று கேட்கவில்லை.

மத்தியானம். குழம்பில் உப்பு எச்சு என்று தட்டைத் தள்ளினேன். அவள் அதற்கப்புறம் சாப்பிட உட்காரவில்லை.

விட்டது: எதிர்வீட்டு ஆத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. போய்ப் பார்க்கவில்லை.

இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு சின்ன இடம் விடுங்கள். பால்காரர் விஷயத்தில் நான் எழுதியது: "சில்லறை குறைந்தால் பஸ்ஸில் கஷ்டம்." அதை அடித்துவிட்டு, "அவர் நேற்று லேட்டாக வந்ததற்குப் பழி" என்று எழுதினேன். முதலில் வருகிற காரணம் பெரும்பாலும் வக்கீல் எழுதிக்கொடுத்தது. இரண்டாவது வருவதை வையுங்கள்.

வாட்ஸப் வரிக்கு மத்தேயு 12:36 போதும். வீணான வார்த்தைகள் யாவையும் குறித்து "கணக்கொப்புவிக்கவேண்டும்" என்று இயேசு சொல்கிறார். கணக்கொப்புவிக்க என்ற சொல்லைத் தமிழ் வேதத்தில் முதன்முதலாகக் கவனித்த அன்று எனக்கு நாற்காலி ஆடியது. என் தொழில் சொல் அது. எபிரெயர் 4:13இலும் அதே சொல்: சகலமும் அவர் கண்களுக்கு முன்பாக வெளியரங்கமாயிருக்கிறது, அவருக்கே நாம் கணக்கொப்புவிக்கவேண்டும் என்று.

"விட்டது" என்ற தலைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மத்தேயு 25இல் மேய்ப்பன் செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிக்கிறது போல ஜனங்கள் பிரிக்கப்படுகிறார்கள். நம் பக்கத்தில் இரண்டும் ஒரே பட்டியில்தான் கிடக்கும். பகலெல்லாம் சேர்ந்து மேயும். சாயங்காலம் பிரிக்கிறவனுக்குத்தான் தெரியும் எது எது என்று. இடதுபக்கம் நின்றவர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டைப் பொறுமையாக வாசியுங்கள். திருடினீர்கள், கொன்றீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன், வஸ்திரமில்லாதிருந்தேன், வியாதியாயிருந்தேன், காவலிலிருந்தேன். ஆறும் செய்யாமல் விட்டது. இன்னொரு விசேஷம், இரண்டு பக்கத்தாரும் "எப்பொழுது உம்மைக் கண்டோம்?" என்றுதான் கேட்கிறார்கள். நல்லது செய்தவருக்கும் தன் வரவு தெரியவில்லை. அதனால் வரவுப் பக்கத்தில் உங்கள் தர்ம காரியங்களை எழுதாதீர்கள். உங்களுக்குக் கிடைத்ததை எழுதுங்கள். கொடுத்தது வேறொருவர் நாள்வழியில் ஏறியிருக்கும்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போனேன். ஆத்தா தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இளநீரை வைத்துவிட்டு வந்தேன். அது போதுமா என்றால் போதாது, மறுபடி போகவேண்டும்.

பழைய பாக்கி

பத்து நாள் சிட்டை எழுதினால் பதினோராம் நாள் பழசு ஒன்று மேலே வரும். கிணறு தூர்வாரும்போது முதலில் செத்தையும் சருகும் வரும், அப்புறம்தான் எப்போதோ விழுந்த குடம் வரும். வரும்போது பயப்படாதீர்கள். என் குடத்தைச் சொல்கிறேன்.

1996, மாசி மாதம். கல்லாவில் 380 ரூபாய் குறைந்தது; நான்தான் எங்கோ எச்சாக எண்ணிக் கொடுத்திருக்கிறேன். சம்பளத்தில் பிடிப்பார்கள். அன்றைக்குச் சிவகிரிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் 14 மூட்டை விரலி கொண்டு வந்திருந்தார். மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு வழக்கம். அவருக்குக் கொடுத்த சீட்டில் நான் மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தேன். நாள்வழியில் சரியான எடையையே எழுதினேன். வித்தியாசம் 14 கிலோ, கிலோ 28 ரூபாய், 392. கல்லா சரியாகிவிட்டது. மிச்சம் 12 ரூபாய்க்கு மணிக்கூண்டுப் பக்கம் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டேன். பெரியவருக்கு எழுத்து தெரியாது. சீட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, நாலாக மடித்து மடியில் செருகினார். "வர்றனுங் கண்ணு" என்றார்.

அதற்கப்புறமும் அவர் வருடா வருடம் எங்கள் மண்டிக்கே வந்தார். என்னைத் தேடி வந்து, "கணக்குப்புள்ள, சௌக்கியமா?" என்பார். நான் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொல்வேன்.

2004இல் ஒரு சனிக்கிழமை, திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் இரசமும் பகிரும் ஆராதனைக்கு, முந்தைய ஆயத்த ஆராதனை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழி 11 வாசித்தார்கள். அடுத்த வாரம் 400 ரூபாயை எடுத்துக்கொண்டு சிவகிரி பஸ் ஏறினேன். பெரியவர் தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மருமகள் திண்ணையில் பாய் போட்டு, மோர் கொடுத்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியுமுங்ண்ணா. மாமா எப்பவும் பக்கத்து அரிசி மில்லுல எடை போட்டுத்தான் வண்டியேத்துவாரு. வந்து அந்தச் செவுத்துல கரியில பதினாலு கோடு போட்டாரு. அத்தை, போய்ச் சண்டை போடுங்கன்னு சொல்லுச்சு. அந்தப் பையன் மூஞ்சி செரியில்ல, ஏதோ கஷ்டமாட்ட இருக்குதுன்னாரு. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கயில அவரே அது மேல சுண்ணாம்பு அடிச்சுட்டாரு."

அந்தச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மோர் டம்ளர் கையில் ஆடியது.

அந்தம்மா பணத்தை வாங்கி இரண்டு தடவை எண்ணினார். "செரிங்ண்ணா, வட்டி?" என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, எட்டு வருடம், விரலை மடக்கியே 376 என்று சொன்னார். நானும் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் மறுபடி போனேன். இந்தத் தடவை வேதத்தில் வரும் ஆயக்காரன் சகேயு மாதிரி நாலத்தனையாக, நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்போம் என்று 1,568 கணக்குப் போட்டு, முன்னே கொடுத்த 400 போக 1,168 கொண்டு போனேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தம்மா 368ஐ எடுத்துக்கொண்டு 800ஐத் திருப்பித் தள்ளிவிட்டார். "கணக்குன்னா கணக்குங்ண்ணா. எச்சா வேண்டாம்."

வழிமுறையாகச் சொன்னால்: பழைய பாக்கி மேலே வந்தால், முதலில் கடவுளிடம் சொல்லுங்கள், அப்புறம் பஸ் ஏறுங்கள். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. போகும்போது அசலோடு வட்டியும் எடுத்துப் போங்கள், இரண்டாவது பஸ் செலவு மிச்சம். உங்கள் மனதை இலேசாக்குவதற்காக மற்றவர் வீட்டில் குண்டு போடுகிற மாதிரி விஷயமாக இருந்தால், உதாரணமாக ஒரு குடும்பமே உடையும் என்றால், போகுமுன் போதகரிடம் கலந்து பேசுங்கள்.

வரியை அடிப்பது

மன்னிப்புக் கேட்ட வரியைச் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு அடியுங்கள். கடையில் புரோநோட்டுப் பணம் தீர்ந்ததும் கையெழுத்தின் மேல் குறுக்கே அடித்துக் கிழிப்போமே, அது மாதிரி. கொலோசெயர் 2:14 நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தை" கிறிஸ்து குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் கடன்பட்டவர் தன் கையால் எழுதிக்கொடுக்கும் கடன் சீட்டைக் குறிக்கும். மண்டியில் தீர்ந்த சீட்டுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூரான கம்பியில் குத்தி வைப்போம். எனக்கு அந்த வசனம் என்றால் அந்தக் கம்பிதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

அடித்த வரியை மறுநாள் மறுபடி எழுதாதீர்கள். தீர்ந்த பாக்கியைத் திரும்பத் திரும்ப வசூலிக்க வருகிறவன் முதலாளி இல்லை.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

சிலருக்கு எழுதி எழுதித் தீராது. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து குருவானவரையே களைப்பாக்கியவர். அதனால்தான் பதினைந்து நிமிடம் என்றேன். மணி ஆனால் மூடிவிடுங்கள். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று 1 யோவான் 3:20. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த இடத்தில் ஆறுதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது, கவனியுங்கள். தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், சிட்டையை நிறுத்திவிட்டுப் போதகரையும் டாக்டரையும் பாருங்கள்.

இன்னும் சிலர் ஒரு வாரத்தில் கொழுந்தியா கணக்கை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்தவர் பேரேடு நம் மேஜைக்கு வராது. யாருக்காவது சீக்கு வந்தால், வியாபாரம் நொடித்தால், "இது அவங்களுக்கு நியாயத்தீர்ப்பு" என்று எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார் (லூக்கா 13).

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி: நான் நாளைக்குச் செய்யப்போவதும் அவருக்குத் தெரியும் என்றால், செய்வது நானா அவரா? சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. உச்சியில் நின்று கீழே பாருங்கள். ஏறுகிற லாரி ஒரு வளைவில், இறங்குகிற பஸ் இன்னொரு வளைவில். லாரிக்காரருக்குத் தன் முன்னால் இருக்கிற வளைவு மட்டும்தான் தெரியும். மேலே நிற்பவருக்கு இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது. அதற்காக அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார் என்று ஆகாது. பதிமூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதே மாதிரி சொன்னார்: பாதையில் நடப்பவன் பின்னால் வருகிறவனைப் பார்ப்பதில்லை, உயரத்திலிருந்து பார்ப்பவன் பாதையில் போகிற எல்லாரையும் ஒருசேரப் பார்க்கிறான் என்று. இதை வகுப்பில் சொன்னபோது நம்பியூர்ப் பொண்ணு, "மேல நிக்கறவரு லாரிக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லலாமுங்கல்ல?" என்றாள். அதற்குப் பேர்தான் மனசாட்சி என்றேன். "திம்பத்துல சிக்னல் கெடைக்கறதில்லீங் அங்கிள்" என்றாள். அந்த வாரம் அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

ஐந்தொகை

திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் அந்த மாதச் சிட்டையை முழுதாகப் புரட்டுங்கள். ஞாயிறு காலை வேண்டாம். காலையில் யாரையும் தேடிப் போக நேரம் இருக்காது. சிவப்புக் கோடு விழாத வரிகளை மட்டும் பாருங்கள். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று பவுல் சொல்வது இதைத்தான். மூன்று வசனம் தள்ளி, நம்மை நாமே நிதானித்து அறிந்தால் நியாயந்தீர்க்கப்படோம் என்றும் சொல்கிறார் (1 கொரிந்தியர் 11). ஒரே தப்பு மாதத்தில் எட்டுத் தடவை வந்திருந்தால், இஞ்ஞாசியாரின் கோடும் புள்ளியும் அடுத்த மாதம் அதற்கு மட்டும். எனக்கு இப்போது ஓடிக்கொண்டிருப்பது சாப்பாட்டுத் தட்டு. போன வாரம் ஐந்து புள்ளி, இந்த வாரம் நாலு.

நோட்டு தீர்ந்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுங்கள். வைத்திருந்தால் வரலாறு ஆகிவிடும், சிட்டைக்கு அந்த ஆசை ஆகாது.

ஒன்றுமே தோன்றாத இராத்திரிகளும் வரும். நம்பியூர்ப் பொண்ணு முதல் வாரமே, "மூணு நாளா வெறும் நோட்டுங், ஒண்ணுமே இல்லீங்" என்று வந்து நின்றாள். தேதியை மட்டும் போடுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனத்தையும் வாய்விட்டு வாசித்து, நோட்டை மூடி, லைட்டை அணைத்துப் படுங்கள். அரை மணி நேரத்தில் பால்காரர் ஞாபகம் வரும். எழுந்து லைட்டைப் போட்டு எழுதுங்கள். வீட்டுக்காரம்மா எழுந்து சத்தம் போட்டால், அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று காலையில் யோசித்துக்கொள்ளலாம்.